இறங்கும் வரிசை

தாபோடி, புனே
6-11-1994

மாப்பிள்ளை ரவிசந்திரன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஜம்பு எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். நீங்கள் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் எங்கள் கவலை.

எழுத்தைப் பார்த்ததும் இது நீலா எழுதியதில்லை என்று தெரிந்திருக்கும். நானே எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் எழுதும் முதல் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. ராணுவ இன்ஜினியரிங் காலேஜில் பம்ப் ஓட்டிய காலமெல்லாம் சம்பளத்துக்குக் கட்டைவிரல்தான் வைத்தேன். பென்ஷனுக்கும் அதேதான். இந்த மாதம் கையெழுத்துப் போட்டேன். கவுண்டரில் இருந்தவர் என் பழைய ரேகையையும் புதுக் கையெழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஆள் மாறாட்டம் என்று மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பக்கத்து லைனில் ரிட்டயராகி வந்திருக்கிறாரே கனகவல்லி டீச்சர், அவர் மாரியம்மன் கோயில் பின்கூடத்தில் சாயங்காலம் பாடம் நடத்துகிறார். எல்லோரும் பெண்கள், நான் ஒருவன் ஆண். முதல் நாள் ஒரு பெண், “ஐயா, பஜனை முன்னாடி ஹால்ல நடக்குது” என்றாள். டீச்சர், “அவர் பஜனைக்கு வரலடி, உன் பக்கத்துல உக்கார வந்திருக்கார். தள்ளி உக்காரு” என்றார்.

படிக்கக் கற்ற பிறகுதான் இந்த ஊரில் தமிழே கிடையாது என்று கண்டேன். போர்டெல்லாம் மராத்தி, இந்தி, இங்கிலீஷ். எனக்கு வாய்த்தது தீப்பெட்டி, நகைக்கடைக் காலண்டர், அரிசிச் சாக்கு. நேற்று பஸ் பிடித்து புனே ஸ்டேஷனுக்கே போனேன். மெட்ராஸ் வண்டி வந்து நின்றதும் பெட்டியில் எழுதியிருந்த ‘சென்னை’யைச் சத்தமாகப் படித்தேன். போலீஸ்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

நீலாவுக்கு ஐந்தாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது. உங்களைப் பற்றிக் கேட்டால் “அவர் மலைமேல பனிக்கு வயசு பாக்கிறார்ப்பா” என்கிறாள். பனிக்கு எதற்கு வயது? எனக்கே தனியாக எழுதுங்கள். நானே படித்துக்கொள்வேன்.

அன்புடன்,
ஜம்பு


பனி ஆய்வு முகாம்
28-11-1994

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் காட்டினேன். எங்கள் சமையல்காரர் ஜெபமணி நம் பக்கத்து ஆள், சாயர்புரத்துக்காரர். இந்த முகாமில் என்னைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். “அண்ணே, ஒங்க மாமனாரு எழுத்து ஒவ்வொண்ணும் தனித்தனியா நெஞ்ச நிமித்திட்டு நிக்கி” என்றார்.

பனிக்கு எதற்கு வயது என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் இருப்பது மலை இடுக்கில் பனிக்கட்டி நிரம்பிய ஒரு சமதளம். இங்கே விழும் பனி முழுவதும் உருகிப் போவதில்லை. போன வருடத்துப் பனி மேல் இந்த வருடத்துப் பனி உட்காரும். ஆள் உயரத்துக்கு மேல் குழி தோண்டி அதன் சுவரைப் பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரியும். குளிர்காலத்துப் பனி வெள்ளை. கோடையில் மேல்பகுதி கொஞ்சம் இளகி, காற்றில் வரும் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். அது ஓர் அழுக்குக் கோடு. ஒரு கோடு என்றால் ஒரு வருடம். அதற்கும் கீழே போக, குழாய்போல ஒரு துளைக்கருவி இருக்கிறது. அதை ஓட்டுவதுதான் என் வேலை. எந்த அடுக்கு எந்த வருடம் என்று தெரிந்தால், எந்த வருடம் எவ்வளவு பனி விழுந்தது, நதிக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடலாம்.

கோட்டை மட்டும் நம்பக்கூடாது என்பார் எங்கள் விஞ்ஞானி சுஷ்மா மேடம். ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் எடுத்து உருக்கி, சீசாவில் அடைத்துப் பம்பாய்க்கு அனுப்புகிறார். அறுபதுகளில் பெரிய தேசங்கள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன அல்லவா, அந்தத் தூசி உலகம் முழுக்கப் பனியோடு இறங்கியிருக்கிறது. எட்டு வருடம் முன்பு ரஷ்யாவில் அணு உலை வெடித்த தூசியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அந்த இரண்டு அடுக்கும் கிடைத்துவிட்டால் அவை எந்த வருடம் என்பதில் சந்தேகமே கிடையாது. மற்றதை அவற்றை வைத்துச் சரிபார்க்கலாம்.

மாமா, இனி எழுதுவதை நீலாவிடம் சொல்ல வேண்டாம்.

போன வாரம் துளைக்கருவி ஓரிடத்தில் திணறியது. வெளியே வந்த பனி மற்றதுபோல வரிசையாக இல்லை. கலைந்து, இறுகி, நடுவில் கல்லும் முறிந்த புதர்க் குச்சியும் இருந்தன. இந்தச் சமதளத்தில் புதர் கிடையாது. மேலே சரிவில்தான் இருக்கிறது. மேடம் அந்தக் குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழிக்கு மேல் நின்ற ஜெபமணி, “என்ன அண்ணே, உள்ள யாரும் இருக்காவளா?” என்றார்.

அது பனிச்சரிவு வந்து விழுந்த அடுக்கு. எங்கள் கூடாரங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே. கோடுகளை எண்ணினால் அது நான் பிறப்பதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். தலைவர் கேஷவ் சார், “பழைய கதை” என்று மூச்சு விட்டார். மேடம் மட்டும் “பம்பாய் சொல்லட்டும்” என்றார்.

மதியம் வெயில் ஏறியதும் மேலே சரிவு ஒரு சத்தம் போடுகிறது. கனத்த பீரோவை யாரோ மாடியில் நகர்த்துவதுபோல.

உங்கள்,
ரவிசந்திரன்


தாபோடி
19-12-1994

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் “ஜம்பு கோண்?” என்று கேட்டார். “மீச்”, நான்தான், என்று கையை நீட்டினேன். என் பெயருக்கு வந்த முதல் கடிதம். இதுவரை உங்கள் கடிதம் எல்லாம் நீலா படிக்க நான் கேட்டதுதான். அவளுக்கு வேண்டியதைப் படிப்பாள், வேண்டாததை விட்டு லேசாகச் சிரிப்பாள். இது முழுக்க எனக்கு.

“என்னப்பா எழுதியிருக்கார்?” என்றாள்.

“ஆம்பிளைங்க சமாச்சாரம்.”

“ஓ. மாமனாரும் மருமகனும் சேந்தாச்சா. அப்ப சோத்தையும் நீங்களே வடிச்சுக்குங்க.”

அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மார்க்கெட் வரை நடந்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன், ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது ஆகிறது. அதனால் மற்றவர்களுக்கு ஒரே பார்வையில் வந்துவிடும் பயம் எனக்கு இரண்டு நாளாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கோடு, அடுக்கு என்று ரசித்துப் படித்துக்கொண்டே போனவன் அந்தக் குச்சியில் வந்து நின்றுவிட்டேன்.

நீலாவிடம் சொல்லவில்லை. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளை உதைக்கிறது என்று சிரிக்கும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். ரகசியம் என்பது படித்தவர்களுக்கு மட்டும் கிடைப்பது என்று நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அது இவ்வளவு கனம் என்று யாரும் சொல்லவில்லை.

பயமாக இருந்தால் இறங்கி வந்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஜம்பு


பனி ஆய்வு முகாம்
5-1-1995

மாமாவுக்கு,

வணக்கம். இறங்கி வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது அவ்வளவு எளிது இல்லை. இங்கே விடுப்புக்கு ஒரு வரிசை உண்டு. அடுத்தது ஜெபமணி, அதற்குப் பிறகுதான் நான். என் முறை மே மாதம். பயம் என்று சொல்லி இறங்கினால் அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடைக்காது.

சரிவு இப்போது மதியம் மட்டும் இல்லை, காலையிலும் பேசுகிறது. மேடம் தன் கூடாரத்தை இருபது அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, “இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது” என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால், எனக்குக் கீழே எத்தனையாவது அடுக்கில் அந்தக் குச்சிகள் கிடக்கின்றன என்ற நினைப்புதான்.

வரிசையைத் தாண்டி இறங்க ஒரே வழி வீட்டிலிருந்து வரும் தந்தி. உங்களுக்குத் தெரியாததா, உங்கள் காலேஜிலேயே எத்தனை பேர் செய்திருப்பார்கள். ‘அப்பா சீரியஸ், உடனே புறப்படு’ என்று வந்தால் எந்த அதிகாரியும் கேள்வி கேட்பதில்லை. என் அப்பா இல்லை என்பது இவர்களுக்குத் தெரியும். அதனால் உங்கள் பெயரைத்தான் கேட்கிறேன். உங்களிடம் இப்படிக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனால் கேட்கிறேன்.

நீலாவுக்குத் தெரிய வேண்டாம்.

ரவி


தாபோடி
17-1-1995

மாப்பிள்ளை அவர்களுக்கு,

போய்விட்டது. இது கையில் கிடைப்பதற்கு முன்பே அது வந்திருக்கும்.

தந்தி ஆபீசில் தமிழ் வாங்க மாட்டார்கள் என்பது அங்கே போனபிறகுதான் உறைத்தது. பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு படித்தும் அந்தக் கவுண்டர் முன்னால் பழைய ஜம்புதான். திரும்பி வந்து சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு பம்ப் ரூமில் இருந்தவன், இங்கிலீஷ் எழுதுவான். வாய் மட்டும் பெரிசு.

“யாருக்குய்யா சீரியஸ்?” என்றான்.

“எனக்குத்தான்.”

“செத்துக்கிட்டு இருக்கிறவன் சைக்கிள் மிதிச்சுக்கிட்டு வந்து அவனே தந்தி குடுக்கிறானா? கிளார்க்குக்கு நான் என்ன சொல்ல?”

மாப்பிள்ளைக்கு நீலாவைப் பார்க்க ஆசை, லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். சிரித்தான். அவனே அந்தக் காலத்தில் அவன் அம்மாவை மூன்று தடவை சாகடித்தவன். அனுப்புகிறவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. என் பெயரைப் போட முடியாது. நீலா என்று எழுதிவிட்டான். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் கிளார்க் முத்திரை குத்திவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை வளைகாப்பு நடந்தது. கனகவல்லி டீச்சர் முதல் வளையலைப் போட்டார். கை நிறைய வளையலோடு நீலா என்னிடம் வந்து, “அப்பா, நூறு வயசு இருக்கணும்னு என்னை ஆசீர்வாதம் பண்ணுங்க” என்றாள். பண்ணினேன்.

பத்திரமாக வாருங்கள்.

ஜம்பு


லே
2-2-1995

மாமாவுக்கு,

வணக்கம். இறங்கிவிட்டேன்.

தந்தி வயர்லெஸ் வழியாக மேலே வந்தது. கேஷவ் சார் அவராகவே என் கூடாரத்துக்கு வந்து, தோளில் கையை வைத்துச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்து அவர் கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் வந்த ஹெலிகாப்டரில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது ஜெபமணியுடையது. அவர் பெட்டியைக் கட்டிக் கயிறு போட்டு வைத்திருந்தார். கேஷவ் சார் அவரிடம் கேட்கத் தயங்கினார். ஜெபமணியே என்னிடம் வந்து, “இதுல கேக்கதுக்கு என்ன அண்ணே இருக்கு. ஊர்ல போயி அம்மா கையால நெய்மீன் கொழம்பு திங்கணும், அவ்வளவுதானே எனக்கு? மீனு கடல்லதான் கெடக்கும். நீங்க ஏறுங்க” என்றார். ஏறும்போது, “ஜம்பு ஐயாவுக்காகத் தெனமும் ஜெபம் பண்ணுதேன், ஒண்ணும் ஆவாது” என்றார்.

இங்கிருந்து புனே பக்கம் வர வாரத்துக்கு ஒரு விமானம். ஆட்களுக்குப் பெரிய வரிசை, தபால் பைக்கு மட்டும் வரிசை இல்லை. மாமாவுக்குக் கொஞ்சம் தேறிவிட்டது என்று இங்கே ஆபீஸில் சொல்லிவிட்டேன். வயர்லெஸ்ஸுக்கு ஆள் இல்லாததால் என்னை இங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

அதனால் பம்பாய் முடிவு என் கைக்குத்தான் வந்தது. நான்தான் மேலே வாசித்தேன். ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன், மேடம் எழுதிக்கொண்டார். முடிந்ததும் “மறுபடி வாசியுங்கள்” என்றார். வாசித்தேன்.

கோடுகள் ஏமாற்றிவிட்டன, மாமா. இந்த மலையில் கோடைக்கு ஒன்று, வசந்தத்தில் வீசும் புழுதிப் புயலுக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு கோடு விழுகிறது. சில வருடம் மூன்று. அணுகுண்டுத் தூசி நாங்கள் நினைத்ததைவிட மிகவும் ஆழத்தில் கிடைத்திருக்கிறது. அந்தக் கலங்கிய அடுக்கு ரஷ்ய உலைத் தூசிக்குச் சற்றே கீழே. பத்து வருடம்கூட இருக்காது. அதற்குக் கீழே அதேபோல இன்னொன்று, அதற்கும் பத்து வருடம் முன்பு. அதற்குக் கீழே மூன்றாவது. அடுத்தது எப்போது என்று மேடம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முகாமைக் காலி செய்ய உத்தரவு வந்துவிட்டது. நடந்து வரும் வழி அதே சரிவின் அடியில்தான் போகிறது, அதனால் ஹெலிகாப்டர்தான். அந்த உயரத்தில் ஒரு தடவைக்கு இரண்டு பேரைத்தான் ஏற்றும். மேலே ஆறு பேர். கேஷவ் சார் வரிசை போட்டிருக்கிறார். முதலில் மேடமும், குளிரில் கால்விரல் கறுத்துப்போன அவருடைய உதவியாளர் ஷ்யாமும். பிறகு சுமை தூக்கும் இரண்டு பேர். கடைசியில் தலைவரும் சமையல்காரரும், மற்றவர்கள் சாப்பிட வேண்டுமே என்று. மேகம் மூடியிருக்கிறது, இன்னும் ஒரு தடவையும் பறக்கவில்லை.

நீங்கள் கொஞ்ச நாள் வெளியே அதிகம் நடமாட வேண்டாம். எங்கள் ஆபீஸ் ஆள் யாராவது புனேயில் இருந்தால் வந்து பார்க்கக்கூடும்.

ரவி


தாபோடி
19-2-1995

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் பிழைத்து இறங்கியதற்கு மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன். ஏற்றும்போதே கை கூசியது. நான் தினமும் காலையில் தூக்குப்பாத்திரத்தோடு பால் வாங்கப் போகிறேன். ஒருவர் பனிமலை மேல் உட்கார்ந்து என் உடம்புக்காக ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். பால்காரன் “கைசே ஹோ, சாச்சா?” என்று சுகம் விசாரித்தால்கூடப் பாத்திரத்தை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறேன்.

நீங்கள் லே வந்ததை மட்டும் நீலாவிடம் சொல்லியிருந்தேன். அவள் நேற்று, “லே வரைக்கும் வந்தவருக்கு எங்கிட்ட வர வழி தெரியலியா?” என்று கேட்டாள். விமானம் இல்லை என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை, உங்களுக்கு எதிரிலேயே வயர்லெஸ் இருக்கிறது. கேஷவ் ஐயாவிடம் சொல்லிவிடுங்கள். தந்தி பொய், அந்த இடம் ஜெபமணியுடையது, அதனால் அவரை முதல் தடவையிலேயே ஏற்றுங்கள் என்று சொல்லுங்கள். இதைச் சொன்னால் வேலை போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும். என் பென்ஷன் இருக்கிறது, பக்கத்துக் கிர்க்கியில் ஒர்க்‌ஷாப் இருக்கிறது, கை இருக்கிறது.

நீங்கள் சொல்லத் தயங்குவீர்கள் என்றும் தெரியும். அதனால் நானே கேஷவ் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதி, தனி உறையில் இதோடு சேர்த்துத் தபாலில் போடுகிறேன். அதில் எழுதியது இதுதான்: எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பொய்த் தந்தி கொடுத்தது நான், என் மகள் அல்ல. மாப்பிள்ளை பயந்துவிட்டார், அவரை மன்னியுங்கள். ஜெபமணியின் இடத்தை என் பொய் எடுத்துக்கொண்டது. அவரை வரிசையில் முதலில் வையுங்கள். கைகூப்பிக் கேட்கிறேன்.

எட்டு நாள் எழுதினேன். அந்த ஐயாவுக்குத் தமிழ் தெரியாதுதான். சவரிமுத்துவிடம் இங்கிலீஷில் எழுதச் சொன்னால் மறுநாள் தாபோடி முழுக்க உங்கள் பெயர் கெடும். அதோடு, இதை இன்னொருவன் கையால் எழுத எனக்கு மனமும் இல்லை. அவர் பெரிய அதிகாரி, யாரையாவது வைத்துப் படித்துக்கொள்வார்.

என் கடிதத்துக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் நல்லது.

ஜம்பு


லே
9-3-1995

மாமாவுக்கு,

எனக்கு எழுதியதும் கேஷவ் சாருக்கு எழுதியதும் ஒரே நாளில் இங்கே வந்தன. மேலே போக வேண்டிய பை ஓர் இரவு முழுக்க என் மேஜையில் இருந்தது. உங்கள் கடிதத்தை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வயர்லெஸ்ஸிலும் சொல்லவில்லை. கடிதமே சொல்லிவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன்.

இரண்டாம் தேதி மேகம் கொஞ்சம் விலகியது. ஹெலிகாப்டரால் இறங்க முடியவில்லை. தபால் பையையும் காய்கறி மூட்டையையும் மேலிருந்து போட்டுவிட்டுத் திரும்பியது. மூன்றாம் தேதி வானம் வெளுத்தது. சுஷ்மா மேடமும் ஷ்யாமும் இறங்கினார்கள். அடுத்த தடவையில் சுமைக்காரர்கள் இருவரும். மூன்றாவது தடவைக்கு வெளிச்சம் போதவில்லை, காலையில் வருகிறேன் என்று பைலட் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் கேஷவ் சாரோடு பேசினேன். பின்னால் ஜெபமணி ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு, “அண்ணேட்ட கேளுங்க சார், லேயில மீனு கெடைக்குமான்னு” என்று இந்தியில் கத்தினார். காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பைலட் மேலே போய்ச் சுற்றிவிட்டு வந்தார். கூடாரம் ஒன்றும் இல்லை என்றார். அந்தச் சமதளத்தில் இப்போது புதிதாக ஓர் அடுக்கு இருக்கிறது. அதன் தேதியைக் கண்டுபிடிக்க யாரும் குழி தோண்ட வேண்டியதில்லை.

மேடம் இங்கே பக்கத்து அறையில் இருக்கிறார். உங்கள் கடிதத்துக்கு என்ன ஆயிற்று என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் தேதி இரவு சமையல் கூடாரத்தில் கேஷவ் சார் உறையைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, “ஜெபமணி, இது உன் இலாகா” என்று சிரித்துக்கொண்டே நீட்டினாராம். ஜெபமணி முதலில் மனசுக்குள் படித்தார். ஸ்டவ்வில் ரொட்டி கருகியது, அவர் கவனிக்கவில்லை. “என்ன எழுதியிருக்கிறார்?” என்று சார் கேட்டார்.

“ரவி அண்ணனோட மாமனார் சார். உடம்பு தேறிட்டாராம். எல்லாருக்கும் நன்றி, எல்லாருக்கும் ஆசீர்வாதம்னு எழுதியிருக்கார்.”

“இரண்டு பக்கம் நிறைய இருக்கிறதே, அவ்வளவுதானா?” என்று மேடம் கேட்டாராம்.

“வயசானவங்க மேடம். சொன்னதையே சொல்லுவாங்க.”

மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கருகிய ரொட்டியைத் தனக்கு எடுத்துவைத்துவிட்டு, வேறு மாவு பிசைந்தாராம்.

இதைச் சொல்லிவிட்டு மேடம், “பெரியவர் இப்போது நன்றாக இருக்கிறாரா?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன்.

மாமா, அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தவர்கள் இப்போது நாம் இருவர்தான். கேட்க ஒருவரும் இல்லை. வரிசைப்படி கடைசியில் இருந்தார்கள், விபத்து நடந்துவிட்டது என்றுதான் ஆபீஸில் எழுதியிருக்கிறார்கள். இனி யாருக்குச் சொன்னாலும் போனவர் வரப்போவதில்லை. குழந்தை பிறக்கும் நேரம். என் கடிதங்களை எரித்துவிடுங்கள். 30ஆம் தேதி விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வருகிறேன்.

ரவி


தாபோடி
20-3-1995

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் புறப்படுவதற்கு முன் இது சேர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

கடிதங்களை எரிக்கவில்லை. எல்லாவற்றையும் நீலாவிடம் கொடுத்துவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்து தேதி வரிசையாக வைத்துப் படித்தாள். எனக்கு மாதக்கணக்கில் ஆனது அவளுக்கு அரை மணி நேரம். தந்தியில் அவள் பெயரைப் போட்டதை நானே வாயால் சொன்னேன், இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று வாசற்படியிலேயே நின்றேன். கடைசியில், “அவங்க அம்மா இருக்காங்களாப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மீன் குழம்பு வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள்.

அந்த அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சாயர்புரம், ஜெபமணியின் தாயார் என்று போட்டால் அந்த ஊர்த் தபால்காரருக்குத் தெரியாமல் இருக்காது. ஆபீஸிலிருந்து விபத்து என்று ஒரு காகிதம் இதற்குள் அங்கே போயிருக்கும். அது பொய் இல்லை. ஆனால் அவர்கள் மகன் கடைசியாகப் படித்தது என் கடிதம். அவரை முதலில் ஏற்றுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதைச் சத்தம் போட்டுப் படித்திருந்தால் அவர் இன்றைக்கு வீட்டில் இருப்பார். அவர் ஏன் படிக்கவில்லை என்று எனக்கும் உங்களுக்கும் தெரிகிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை. அதை நான் வைத்துக்கொள்ள முடியாது.

எழுதினால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியும். எனக்கும் ஆகும். சவரிமுத்து இப்போதே தெருவில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறான், அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நீலா என்ன முடிவு செய்வாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள். பிரசவம் அடுத்த வாரம் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

வாருங்கள். கதவு திறந்துதான் இருக்கும். எரிக்கச் சொல்லி மட்டும் இனி எனக்கு எழுத வேண்டாம்.

மூன்று நாளாக எழுதி, தந்தி கொடுத்த இடம் வரை வந்திருக்கிறேன். அதற்கு அடுத்தாற்போல் உங்கள் பெயர் வர வேண்டும். அங்கே ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறேன். நீங்கள் வந்து உட்கார்ந்து உங்கள் கையால் எழுதினால் அது உங்களுடையது. ஏப்ரல் ஐந்தாம் தேதிவரை பார்ப்பேன். வராவிட்டால் அதையும் நானே எழுதுவேன். மெதுவாகத்தான் எழுதுவேன், ஆனால் முடித்துவிடுவேன்.

ஜம்பு